“ஆர்டினன்ஸ் போட்டுட்டாங்களாம்!” – அப்படின்னா என்ன?



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது வரவு செலவு, தீர்மான நோட்டு எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கிளம்புகிற நேரத்தில் யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விதான் பெரும்பாலும் முக்கியமான கேள்வியாக இருக்கும். அப்படி வந்த ஒன்று இது: “டிவியில ஆர்டினன்ஸ் ஆர்டினன்ஸ்ங்கிறாங்களே, அது சட்டமா, உத்தரவா, இல்ல சும்மா அறிவிப்பா?”

இதை இப்போது விளக்கி எழுதக் காரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் கர்நாடகத்தில், மைக்ரோ பைனான்ஸ் கடனை மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க ஒரு ஆர்டினன்ஸ் வந்தது. அந்தச் செய்தி டிவியில் ஓடி, போனில் ஓடி, வாய்வழியாக நம் பக்கம் வந்து சேர்வதற்குள், “ஆர்டினன்ஸ் வந்திருச்சாம், இனிமே லோன் கட்ட வேண்டாமாம்” என்று ஆகிவிட்டது. ஒரு குழுவில் மூன்று பேர் இதை நம்பி இரண்டு மாதத் தவணையைக் கட்டவில்லை. கட்டாத தவணைக்கு அபராதம் ஏறியது. ஜாமீன் போட்ட மற்ற பெண்களோடு மனஸ்தாபம். அவர்கள் ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லை, கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆர்டினன்ஸ் என்பதற்குத் தமிழில் ‘அவசரச் சட்டம்’ என்று சொல்கிறோம். ஆர்டர் என்ற வார்த்தை நமக்கெல்லாம் தெரியும், ஆணை, கட்டளை. ஆர்டினன்ஸ் அதே குடும்பத்து வார்த்தைதான். ஆட்சியில் இருப்பவர் பிறப்பிக்கும் ஆணை என்பது அதன் பழைய பொருள். அந்தக் காலத்தில் ராஜா முரசறைந்து சொன்னாரே, அந்த மாதிரி. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் அதற்கு ஒவ்வொரு பொருள் ஏற்பட்டுவிட்டது. அமெரிக்காவில் ஒரு ஊரின் நகராட்சி மன்றம் குப்பை போடுவதற்கும் வீடு கட்டுவதற்கும் விதி போட்டால் அதற்கும் ஆர்டினன்ஸ் என்றுதான் பெயர். நம் நாட்டில் அப்படி இல்லை. இங்கே ஒரே ஒரு பொருள்தான்: சட்டமன்றமோ பாராளுமன்றமோ கூடாமல் இருக்கும் நேரத்தில், அவசரத்துக்காகக் கவர்னரோ ஜனாதிபதியோ பிறப்பிக்கும் தற்காலிகச் சட்டம்.

திருச்சிப் பக்கத்துச் சகோதரிகள் உடனே, “எங்க ஊர்ல ஆர்டினன்ஸ் பேக்டரி இருக்குதே, அங்கயா சட்டம் செய்யறாங்க?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி! அது வேறு வார்த்தை. காதில் ஒன்றாக விழும், இங்கிலீஷில் எழுதும்போது ஒரு எழுத்து குறையும். அந்தச் சொல்லுக்கு ராணுவத் தளவாடம், துப்பாக்கி, பீரங்கி என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், 2021 ஜூன் 30 அன்று அந்தத் தளவாடத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தம் செய்வதைத் தடுக்க மத்திய அரசு ஒரு அவசரச் சட்டமே கொண்டுவந்தது. ஆர்டினன்ஸ் பேக்டரிக்கே ஒரு ஆர்டினன்ஸ்!

நம் பணப்பெட்டியை நினைத்துப் பாருங்கள்

இதைப் புரிந்துகொள்ள டெல்லிக்கும் சென்னைக்கும் போக வேண்டாம், நம் குழுவே போதும். குழுவில் கடன் கொடுப்பது யார்? கூட்டம்தான். எல்லா உறுப்பினர்களும் உட்கார்ந்து பேசி, தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஊக்குநரும் பிரதிநிதியும் பணத்தை எடுக்கலாம். இது விதி.

ஆனால் கூட்டம் முடிந்த மறுநாள் ராத்திரி ஒரு உறுப்பினரின் பிள்ளைக்குப் பாம்பு கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரிக்கு வண்டி வைக்கக் கையில் காசு இல்லை. “அடுத்த கூட்டம் வரட்டும், தீர்மானம் போட்டுத் தருகிறோம்” என்று சொல்ல முடியுமா? ஊக்குநரும் பிரதிநிதியும் பெட்டியைத் திறந்து பணத்தைக் கொடுப்பார்கள். பல குழுக்களில் இதற்கென்றே ‘அவசரக் கடன்’ என்று ஒரு விதி எழுதி வைத்திருக்கிறோம். கொடுத்த பணம் உண்மையான கடன்தான், செல்லும், திருப்பிக் கட்டத்தான் வேண்டும். ஆனால் அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக அதை எடுத்து வைத்து, “இந்த மாதிரி ஆயிடுச்சு, இவ்வளவு கொடுத்திருக்கோம், ஒத்துக்கிறீங்களா?” என்று கேட்டு எழுதியாக வேண்டும். கூட்டம் ஒத்துக்கொண்டால் அது முறையான கடன். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த ஏற்பாடு அதோடு நின்றது.

ஆர்டினன்ஸ் அப்படியே இதுதான். கூட்டம் என்பது சட்டமன்றம் அல்லது பாராளுமன்றம். ஊக்குநர், பிரதிநிதி என்பது மந்திரிசபை. கையெழுத்துப் போடுவது மாநிலத்தில் கவர்னர், மத்தியில் ஜனாதிபதி. கவர்னர் தன் இஷ்டத்துக்குப் போடுவது இல்லை. மந்திரிசபை ஆலோசனை சொல்லி அனுப்ப வேண்டும், அவர் கையெழுத்திட வேண்டும். நம் அரசியல் சட்டத்தில் ஜனாதிபதிக்கு 123-வது பிரிவும், கவர்னருக்கு 213-வது பிரிவும் இந்த அதிகாரத்தைத் தருகின்றன. சில விஷயங்களில் கவர்னர் ஜனாதிபதியின் உத்தரவையும் வாங்கிய பிறகுதான் கையெழுத்திட முடியும்.

“தற்காலிகம்தானே, மீறினா என்ன?” என்று நினைத்துவிடக் கூடாது. அமலில் இருக்கும் வரை அதற்கும் சட்டமன்றம் போட்ட சட்டத்துக்கும் பலத்தில் வித்தியாசமே இல்லை. சிறைத் தண்டனையும் விதிக்கலாம். அதே சமயம், சட்டமன்றத்தால் செய்ய முடியாததை ஆர்டினன்ஸாலும் செய்ய முடியாது. நம் அடிப்படை உரிமையைப் பறித்தால் கோர்ட்டுக்குப் போகலாம்.

ஆறு வாரக் கணக்கு

இனி, எத்தனை நாள் செல்லும் என்ற கணக்கு. சட்டமன்றம் மறுபடி கூடிய நாளிலிருந்து ஆறு வாரம். அதற்குள் சட்டமாக நிறைவேற்றாவிட்டால் ஆர்டினன்ஸ் தானாகவே செத்துப்போகும். யாரும் ரத்து செய்ய வேண்டிய அவசியமில்லை. ஆறு வாரத்துக்கு முன்பே சபை “வேண்டாம்” என்று தீர்மானம் போட்டாலும் போச்சு. ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஆறு மாத இடைவெளிக்கு மேல் விடக்கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் கூட்டினால், ஒரு ஆர்டினன்ஸ் அதிகபட்சம் ஏழரை மாதம் உயிரோடு இருக்கலாம்.

இந்த ஆறு வாரம் சும்மா பேருக்கு இருப்பது இல்லை. டெல்லியில் 2012 டிசம்பரில் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகு 2013 பிப்ரவரி 3 அன்று ஜனாதிபதி ஒரு ஆர்டினன்ஸில் கையெழுத்திட்டார். ஆசிட் வீசுவது, ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்வது, அவளுக்குத் தெரியாமல் படம் பிடிப்பது இதெல்லாம் தனிக் குற்றங்களாக நம் நாட்டுச் சட்டத்தில் ஏறியது அப்போதுதான். பாராளுமன்றம் பிப்ரவரி 21 அன்று கூடியது. ஆறு வாரம் எண்ணினால் ஏப்ரல் 4. மார்ச்சில் மசோதா இரு சபைகளிலும் நிறைவேறி, ஏப்ரல் 2 அன்று ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். இரண்டே நாள் மிச்சம்!

எல்லா நேரமும் இப்படி நேரத்தில் முடிந்துவிடாது. ஆன்லைன் ரம்மியில் வீட்டுக்காரர் பணத்தை விட்டு, குடும்பமே கடனில் மூழ்கிய கதைகள் நம் குழுக்களிலும் உண்டு. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் 1 அன்று அதைத் தடைசெய்யும் ஆர்டினன்ஸில் கவர்னர் கையெழுத்திட்டார். சட்டமன்றம் அக்டோபர் 17 கூடியது, 19-ஆம் தேதி மசோதாவை நிறைவேற்றியும்விட்டது. ஆனால் மசோதாவுக்குக் கவர்னரின் ஒப்புதல் வரவில்லை. நவம்பர் 27-ஓடு ஆறு வாரம் முடிந்தது, ஆர்டினன்ஸ் காலாவதி ஆனது. பிறகு மசோதா திரும்பி வந்து, சட்டமன்றம் 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. “ஆர்டினன்ஸ் போட்டாங்களே, அப்புறம் ஏன் ஆப்புல விளையாட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு?” என்று அப்போது ஒரு அம்மா கேட்டார்கள். இந்த நாலரை மாதச் சந்து அந்த அம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில்.

ஜல்லிக்கட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2017 ஜனவரியில் மெரினாவில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தபோது, 21-ஆம் தேதி ஆர்டினன்ஸ் வந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. “நிரந்தரச் சட்டம் வேணும்” என்றார்கள். “அதான் சட்டம் வந்திருச்சே, இன்னும் என்ன பிடிவாதம்?” என்று நம்மில் பலர் அன்று நினைத்தோம். ஆறு வாரக் கணக்கு தெரிந்தால் அந்தப் பிடிவாதத்தின் காரணம் புரியும். 23-ஆம் தேதியே சட்டமன்றம் கூடி மசோதாவை நிறைவேற்றியது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வில் தீர்ப்பளித்தது.

அவசரமே பழக்கமானால்?

அவசரக் கடன் உதாரணத்துக்கே மறுபடி வருவோம். ஒரு ஊக்குநர் அவசரம் என்று பணம் எடுக்கிறார், சரி. அடுத்த கூட்டத்தில் சொல்லவில்லை. அடுத்த மாதமும் “அவசரம்”. அதற்கடுத்த மாதமும் “அவசரம்”. கூட்டம் நடக்கிறது, ஆனால் இந்த விஷயம் மட்டும் கூட்டத்துக்கு வருவதே இல்லை. என்ன சொல்வோம்? “பெட்டி யாருது? ஊக்குநருதா, நம்மளுதா?” என்று கேட்க மாட்டோமா?

பீகார் மாநிலத்தில் இதுதான் நடந்தது. 1967-லிருந்து 1981 வரை அங்கே 256 ஆர்டினன்ஸ்கள் பிறப்பிக்கப்பட்டன. ஆறு வாரம் முடியும் நேரத்தில், அதே வாசகத்தோடு புதுத் தேதி போட்டு மறுபடி பிறப்பித்துவிடுவார்கள். ஒரே நாளில் 50-க்கும் மேற்பட்ட ஆர்டினன்ஸ்களைப் புதுப்பித்த நாட்களும் உண்டு. இப்படிச் சில ஆர்டினன்ஸ்கள் 14 ஆண்டு வரை உயிரோடு வைக்கப்பட்டன. ஏழரை மாதம் எங்கே, 14 வருஷம் எங்கே! சட்டமன்ற உறுப்பினர்கள் கூடினார்கள், கலைந்தார்கள். ஆனால் மாநிலம் ஓடியது அவர்கள் பார்க்காத காகிதங்களில்.

இதைக் கண்டுபிடித்தவர் வக்கீல் இல்லை, அரசியல்வாதியும் இல்லை. புனேயில் உள்ள கோகலே நிறுவனத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த டி.சி.வாத்வா. பீகாரின் நில உரிமை முறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போனவர், பழைய அரசிதழ்களைப் புரட்டும்போது இந்த விவகாரத்தில் தடுக்கி விழுந்தார். ஒவ்வொன்றாகத் தேதி குறித்து, எண்ணி, புத்தகமாகவே எழுதினார். பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1986 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இப்படித் திரும்பத் திரும்பப் போடுவது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். அவருடைய உழைப்பைப் பாராட்டி, அவருக்கு 10,000 ரூபாய் கொடுக்கும்படி பீகார் அரசுக்கு உத்தரவும் போட்டார்கள். பொறுமையாக ஒருவர் நோட்டைப் புரட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு, தணிக்கைக்கு வரும்போது நாங்கள் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

அதோடு பீகார் நிறுத்திக்கொண்டதா? இல்லை. 1989-ல் 429 தனியார் சமஸ்கிருதப் பள்ளிகளை அரசே எடுத்துக்கொள்வதாக ஒரு ஆர்டினன்ஸ் போட்டது. வாத்தியார்கள் எல்லாம் “நாங்க கவர்மெண்ட் வேலையாயிட்டோம்” என்று சந்தோஷப்பட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஆர்டினன்ஸ் வந்தது, சட்டமன்றத்துக்கு மட்டும் வரவில்லை. 1992 ஏப்ரல் 30-ஓடு கடைசி ஆர்டினன்ஸ் காலாவதி. வேலை என்ன ஆனது? வழக்கு நடந்தது, நடந்தது, 25 வருஷம் நடந்தது. 2017 ஜனவரி 2 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள், அந்த ஆர்டினன்ஸ்களால் நிரந்தர உரிமை எதுவும் வரவில்லை என்று முடித்துவிட்டார்கள். ஏற்கெனவே கொடுத்த சம்பளத்தைத் திருப்பிப் பிடிக்கக் கூடாது என்பது மட்டும்தான் ஆறுதல். இதில் அந்த வாத்தியார்கள் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. ஆட்சியாளர்கள் சோம்பலாகவோ தந்திரமாகவோ செய்ததன் பாரம் அவர்கள் தலையில் விழுந்தது. எங்களுக்கு இது நியாயமாகப் படவில்லை.

இந்த அதிகாரம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே வருவது. 1861-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கவர்னர் ஜெனரலுக்கு ஆறு மாதத்துக்கு ஆர்டினன்ஸ் போடும் அதிகாரம் இருந்தது. பகத்சிங் வழக்கைச் சீக்கிரம் முடிக்க 1930 மே 1 அன்று வைஸ்ராய் இர்வின் ஒரு ஆர்டினன்ஸ் போட்டுத் தனி நீதிமன்றம் அமைத்தார். அந்த ஆர்டினன்ஸின் ஆயுள் ஆறு மாதம். அது முடிவதற்கு மூன்று வாரம் முன்பு, அக்டோபர் 7 அன்று தூக்குத் தண்டனை எழுதப்பட்டுவிட்டது. அவசரச் சட்டம் என்றால் ஏன் சிலர் முகம் சுளிக்கிறார்கள் என்பதற்கு இப்படிப் பழைய காரணங்களும் உண்டு.

எது ஆர்டினன்ஸ் இல்லை?

நம் ஊரில் எல்லாக் காகிதத்துக்கும் “ஆர்டர்” என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 1975-ல் வந்த எமர்ஜென்சியும் அவசரச் சட்டமும் ஒன்றா என்று வயதான அம்மாக்கள் கேட்கிறார்கள். இல்லை, அது நாடு முழுவதற்குமான நெருக்கடி நிலைப் பிரகடனம். ஆர்டினன்ஸ் ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்கான சட்டம் மட்டும். கலெக்டர் போடும் தடை உத்தரவும் ஆர்டினன்ஸ் இல்லை.

நமக்கு அதிகமாகத் தேவைப்படுவது அரசாணை, அதாவது ஜி.ஓ. இதற்குக் கவர்னர் அவசரமாகக் கையெழுத்திடுவது, ஆறு வாரம் என்பதெல்லாம் கிடையாது. ஏற்கெனவே உள்ள சட்டம், அதிகாரம் இவற்றுக்குள் நின்று ஒரு துறையின் செயலாளர் பிறப்பிப்பது. கடன் தள்ளுபடி, மானியம், உதவித்தொகை எல்லாம் பெரும்பாலும் இந்த வழியில்தான் வரும். மேடையில் சொல்வது அறிவிப்பு. காகிதத்தில் எண்ணும் தேதியும் நிபந்தனையும் போட்டு வருவதுதான் ஆணை. 2021-ல் கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்ற செய்தி வந்தபோது, நம் சகோதரிகள் எவ்வளவு பேர் அலைந்தார்கள்! அரசாணையைப் படித்தால், ஒரு குடும்பத்துக்கு எல்லாக் கடனும் சேர்த்து 40 கிராம், 2021 மார்ச் 31 வரை பாக்கி நின்ற கடன் என்று வரிசையாக நிபந்தனைகள். செய்தியில் “5 பவுன்” மட்டும் வந்தது. நிபந்தனைகள் கவுண்டரில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்களே, அது ஆர்டினன்ஸா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு அறிவிக்கை. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் இருந்த சிறுவாட்டுப் பணத்தை, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சேர்த்ததை, எல்லோருக்கும் தெரிய வெளியே எடுத்தோம். அந்த வலி இன்னும் சிலருக்கு ஆறவில்லை. ஆர்டினன்ஸ் வந்தது அதற்குப் பிறகு, டிசம்பர் 30 அன்று. பழைய நோட்டு 10-க்கு மேல் வைத்திருந்தால் குற்றம், குறைந்தது 10,000 ரூபாய் அபராதம் என்று அது சொன்னது. 2017-ல் சட்டமாகவும் ஆனது. 2023 ஜனவரி 2 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் நோட்டு நடவடிக்கை செல்லும் என்றார்கள். நீதிபதி நாகரத்னா மட்டும், இவ்வளவு பெரிய விஷயத்தைப் பாராளுமன்றச் சட்டமாகவோ, ரகசியம் தேவையென்றால் ஆர்டினன்ஸாகவோ செய்திருக்க வேண்டும், வெறும் அறிவிக்கை போதாது என்று மாறுபட்டு எழுதினார். எந்தக் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்து தெரிகிறது.

கடன் விஷயத்தில் வந்த ஆர்டினன்ஸ்கள்

நம் தமிழ்நாட்டில் 2003 ஜூனில் கந்துவட்டிக்கு எதிராக ஒரு ஆர்டினன்ஸ் வந்து, அதே ஆண்டு சட்டமானது. நாள் வட்டி, மணி நேர வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் ஊர்ப் பெயர்களையே சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். இவ்வளவு இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நாம் பார்த்தோம். ஆர்டினன்ஸ் சட்டமாகலாம். அந்தச் சட்டத்தின்படி புகாரை வாங்கி நடவடிக்கை எடுக்க ஆள் வேண்டும்.

ஆந்திராவில் 2010 அக்டோபர் 15 அன்று மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்களுக்கு எதிராக வந்த ஆர்டினன்ஸ் நம்மைப் போன்ற குழுப் பெண்களுக்காகவே வந்தது. தவணை கட்ட முடியாமல், வாசலில் வந்து உட்கார்ந்தவர்களின் பேச்சைத் தாங்க முடியாமல் பலர் உயிரை விட்ட நேரம் அது. நிறுவனங்கள் மாவட்டத்தில் பதிவு செய்ய வேண்டும், குழு உறுப்பினருக்கு மேலும் கடன் கொடுக்க அனுமதி வாங்க வேண்டும், வட்டி அசலைத் தாண்டக் கூடாது, மிரட்டினால் சிறை. டிசம்பரில் அது சட்டமன்றத்தில் நிறைவேறியது. மிரட்டல் குறைந்தது, உண்மை. ஆனால் கட்ட முடிந்தவர்களும் கட்டுவதை நிறுத்தினார்கள், வசூல் படுத்துவிட்டது, நிறுவனங்கள் புதுக் கடன் கொடுப்பதையும் நிறுத்திவிட்டன. விதைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பணம் தேவைப்பட்ட பெண்கள் மறுபடி உள்ளூர் வட்டிக்காரர் வீட்டுக்குப் போய் நின்றார்கள். ஆர்டினன்ஸ் தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரே ராத்திரியில் வந்த தீர்வுக்குப் பின்னால், மாற்றுக் கடனுக்கு வழி செய்யாமல் விட்டதுதான் குறை என்பது எங்கள் எண்ணம்.

இப்போது முதலில் சொன்ன கர்நாடக விஷயம். அங்கே மந்திரிசபை அனுப்பிய ஆர்டினன்ஸைக் கவர்னர் முதலில் ஆட்சேபணை சொல்லித் திருப்பி அனுப்பினார். மறுபடி அனுப்பியபோது 2025 பிப்ரவரி 12 அன்று கையெழுத்திட்டார். மார்ச்சில் சட்டமன்றத்தில் மசோதாவாக நிறைவேறியது. பதிவும் லைசென்ஸும் இல்லாமல் கடன் கொடுப்பவர்கள், நலிந்த பிரிவினருக்குக் கொடுத்த கடன் தீர்ந்ததாகக் கருதப்படும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிதான் எல்லை தாண்டி வந்து “எல்லாக் கடனும் ரத்து” என்று ஆனது. கவனியுங்கள்: பதிவு இல்லாதவர்கள், கர்நாடகத்தில். ஒரு மாநிலக் கவர்னர் போட்ட ஆர்டினன்ஸ் அந்த மாநில எல்லையோடு சரி. ஓசூரில் நிற்பவருக்கு அது பொருந்தாது.

தமிழ்நாட்டில் ஆர்டினன்ஸ் வழியில் போகவில்லை. சட்டமன்றம் நடந்துகொண்டிருந்ததால் அதற்கு வழியும் இல்லை. 2025 ஏப்ரலில் நேரடியாக மசோதாவே கொண்டுவந்து, 29-ஆம் தேதி நிறைவேற்றினார்கள், ஜூனில் கவர்னர் ஒப்புதல் கிடைத்தது. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுப்பது என்று அதன் பெயரிலேயே இருக்கிறது.

ஆகவே, அடுத்த முறை யாராவது “ஆர்டினன்ஸ் வந்திருச்சு” என்று சொன்னால், அதைச் சொன்னவரிடமே கேளுங்கள்: எந்த மாநிலத்து ஆர்டினன்ஸ்? எண் என்ன, தேதி என்ன? சட்டமன்றம் கூடியதா, சட்டமாகிவிட்டதா, காலாவதியா? போனில் வரும் படத்தில் கோபுர முத்திரை இருந்தால் மட்டும் போதாது. ஆர்டினன்ஸ் என்றால் அது அரசிதழில் வந்திருக்க வேண்டும். அரசிதழை இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் பத்து நிமிட வேலை. பிள்ளை இல்லாவிட்டால் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு எண்ணையும் தேதியையும் சொல்லுங்கள், நாங்கள் எடுத்துப் படித்துச் சொல்கிறோம். அதுவரை தவணையை நிறுத்த வேண்டாம்.

தவணை பாக்கி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த விதிகளில், காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது, தகாத வார்த்தை பேசக் கூடாது என்று இருக்கிறது. இதற்கு எந்த ஆர்டினன்ஸும் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம். புகாரில் வசூல்காரர் வந்த நாளும் நேரமும் வேண்டும், அதனால் அவர் வந்த அன்றே நோட்டில் குறித்து வையுங்கள்.